கடல்ல இருந்து ஆத்துக்கு ஏறி வர்ற உள்ளம் மீன் (இலிஷ்): தெரிஞ்சவங்க வந்து எழுதுங்க

கொட்டகலை கண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கட்டார்ல வேலை செஞ்சப்ப எங்க ரூம்ல முக்கால்வாசி பங்களாதேஷ் ஆளுங்க, வெள்ளிக்கிழமை லீவுன்னா இலிஷ் மீன் வாங்கிட்டு வந்து கடுகு அரைச்சு கடுகெண்ணெய் ஊத்தி ஆக்குவாங்க, எனக்கும் ஒரு துண்டு கட்டாயம் எடுத்து வைப்பாங்க. முள்ளு அதிகம், ஆனா அந்த சதையில இருக்கிற நெய்ப்பு வேற எந்த மீன்லயும் நான் பார்க்கல. அதுல போலா தீவு பக்கத்து தம்பி ஒருத்தன், அவங்க அப்பா மீன்பிடி தொழில், அக்டோபர் மாசம் அப்பா வலை போடவே கூடாது போட்டா ஜெயில்னு சொல்வான். இன்னொருத்தர் பத்மா ஆத்து இலிஷ் தான் இலிஷ், கடல்ல பிடிச்சதுல ருசி இல்லன்னு அடிச்சு பேசுவார். எனக்கு இப்ப வரைக்கும் விளங்காதது இதுதான், இது கடல் மீனா ஆத்து மீனா? தமிழ்ல உள்ளம்னு பேர் இருக்குன்னா நம்ம ஆளுங்களுக்கும் பழக்கமான மீன் தானே? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க, லிங்க் மட்டும் போட்டுட்டு போகாம கொஞ்சம் பேசுவோம்.

மலர் டீச்சர் (ஹட்டன்):
கண்ணன் தம்பி, ரெண்டும் தான். சூடை, சாளை எல்லாம் இருக்கே அதோட சொந்தக்கார மீன் இது, விஞ்ஞானப் பேர் தெனுவலோசா இலிஷா, 1822ல ஹாமில்டன்ங்கிறவர் கங்கை மீன்களைப் பத்தி எழுதினப்ப விவரிச்சது. வாழ்க்கையில பெரும்பகுதி கடல்ல, கரையை ஒட்டியும் கழிமுகத்துலயும் வளரும். முட்டை விட மட்டும் உப்புத்தண்ணியை விட்டுட்டு ஆத்துக்குள்ள ஏறும். தென்மேல் பருவமழை பிடிச்சு ஆறு கலங்கி வெள்ளமா கடல்ல விழும்போது அந்த நன்னீர் தான் இதுக்கு அழைப்பு, ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் பெரிய ஏத்தம், தை மாசி பக்கமா இன்னொரு சின்ன ஏத்தம். ஒரு தாய் மீன் வயித்துல சில லட்சம் முட்டை, பெரிய மீன்னா பத்து பதினைஞ்சு லட்சத்தையும் தாண்டும். ஓடுற தண்ணியில முட்டை விழுந்து ஏறக்குறைய ஒரு நாள்ல பொரிச்சிடும். குஞ்சு அஞ்சாறு மாசம் ஆத்துல தங்கி வளர்ந்து பிறகு கடலுக்கு இறங்கும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல பருவமாகி திரும்ப ஏறி வரும்.

சாப்பாடு என்னன்னா தண்ணியில மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசியும் சின்ன உயிரிகளும். செவுள்ல சீப்பு மாதிரி நெருக்கமா முள்ளு இருக்கு, தண்ணியை உள்ள இழுத்து அதுல வடிச்சு எடுத்துக்கும். ஆத்துல ஏறும்போது சாப்பாடு ரொம்ப குறைவு, கடல்ல சேத்த கொழுப்பை எரிச்சு தான் நீந்துது. அதனால முட்டை விட்டுட்டு திரும்புற மீன் மெலிஞ்சு ருசி கெட்டு இருக்கும். உங்க ரூம் அண்ணன் சொன்ன ருசி விஷயமும் இதுல தான் வருது, எந்த இடத்துல எந்த நேரத்துல பிடிச்சதுங்கிறதைப் பொறுத்து கொழுப்பு மாறும்.

லிந்துல சிவா:
டீச்சர் ஒரு டவுட். உப்புத்தண்ணியில இருக்கிற மீன் நன்னீருக்கு வந்தா செத்துப் போகாதா? அப்புறம் சால்மன் மாதிரி முட்டை விட்டதும் செத்துடுமா?

மலர் டீச்சர் (ஹட்டன்):
சிவா, கடல்ல இருக்கும்போது உடம்புல சேர்ற உப்பை செவுள் வழியா வெளிய தள்ளணும், நன்னீர்ல அதுக்கு நேர் எதிரா உப்பை உள்ள பிடிச்சு வைக்கணும். இந்த மீனோட செவுளும் சிறுநீரகமும் வேலையை அப்படியே மாத்திக்குது. அதுக்கு நேரம் வேணும், அதனால தான் கழிமுகத்துல கலப்புத்தண்ணியில கொஞ்ச நாள் நின்னு ஏறும். கழிமுகம் கெட்டா இந்த மீன் கெடும்னு சொல்றது அதனாலயும் தான்.

சாகாது. முட்டை விட்டுட்டு கடலுக்குத் திரும்பி அடுத்த தடவையும் வரும். ஆனா இதோட அமெரிக்க சொந்தக்காரன் ஒண்ணு இருக்கு, அலோசா சாபிடிசிமா. அதுல புளோரிடா மாதிரி தெற்குப் பக்க ஆறுகள்ல ஏறுறது முட்டை விட்டதும் செத்துடும், வடக்கே போகப் போக உயிரோட திரும்புறது கூடிக்கிட்டே போகும். ஒரே இனம் தான், ஆத்துக்கு ஆறு வாழ்க்கைக் கணக்கு வேற. எனக்கு இந்த மீன் கூட்டத்துலயே ரொம்ப பிடிச்ச விஷயம் இது.

பதுளை பாபு:
தமிழ்ல பேர் இருக்கே நம்ம ஆளுங்களுக்கு பழக்கமான்னு கண்ணன் அண்ணன் கேட்டதுக்கு நான் வர்றேன், இதைப் பத்தி நான் ரொம்ப நாளா வாசிச்சுக்கிட்டு இருக்கேன். இந்த மீன் ஈராக்ல ஷத் அல் அரப் ஆத்துல இருந்து சிந்து, நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, மகாநதி, ஹூக்ளி, பத்மா, மேக்னா, பர்மாவுல ஐராவதி வரைக்கும் இருக்கு. நம்ம காவிரியும் கொள்ளிடமும் அந்த வரிசையில இருந்த ஆறுகள். எங்க தாத்தாவோட அப்பா முசிறி பக்கத்துல இருந்து வந்தவர், இங்க எத்தனையோ பேரோட பூர்வீகம் திருச்சி, சேலம், தஞ்சாவூர் பக்கம் தான், எல்லாம் காவிரித் தண்ணி குடிச்ச ஊரு. ஆடிப்பெருக்குன்னு நாம இன்னைக்கும் சொல்றோமே அந்த வெள்ளத்துல தான் உள்ளம் ஏறி வந்திருக்கு.

இன்னைக்கு காவிரியில அந்த மீன்பிடி இல்ல. 1830கள்ல முக்கொம்புலயும் அணைக்கரையிலயும் குறுக்க அணை வந்துச்சு, மீன் மேல ஏற முதல் தடை அது. அதுக்குப் பிறகு 1934ல மேட்டூர். மேட்டூருக்குப் பிறகு பிடிபடுறது சரிஞ்சதுன்னு இந்திய மீன்வளத்துறை ஆளுங்க எழுதி வச்சிருக்காங்க. நம்ம ஆளுங்க கடல் தாண்டி இந்த இலங்கை மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த அந்த நூறு வருஷத்துக்குள்ள தான் அங்க ஊர்ல ஆத்துல இருந்து ஒரு மீனும் போயிருக்கு. இதை வாசிச்ச அன்னைக்கு எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

தலவாக்கலை ராஜா:
பாபு தம்பி, உணர்ச்சி சரி, ஆனா அணையை மட்டும் குத்தம் சொல்றது நியாயமா? மேட்டூர் இல்லைன்னா டெல்டா விவசாயம் என்ன ஆகும்? நான் இருக்கிறது மேல் கொத்மலை அணைக்குப் பக்கத்துல, எங்க பழைய லயம் (தோட்டத்து வரிசை வீடு) இருந்த இடமெல்லாம் மாறிப் போச்சு, சென் கிளயார் அருவி முன்ன மாதிரி விழுறது இல்ல, அந்த வருத்தம் எனக்கும் இருக்கு. அதுக்காக கரண்ட் வேணாம்னு சொல்ல முடியுமா? இன்னொண்ணு, மேட்டூர் கடல்ல இருந்து எவ்வளவோ தூரம் மேல இருக்கு, மீன் கீழயே முட்டை விட்டுட்டு போயிருக்கலாமே?

பதுளை பாபு:
ராஜா அண்ணே, அணையே வேணாம்னு நான் எழுதல. ஆனா நீங்க கேட்ட கடைசி கேள்வி தான் முக்கியமானது, அதுக்கு பதில் சொல்றேன். சுவர் மீனை மறிக்கிறது ஒரு பக்கம். அதைவிட பெருசு வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கிறது. டீச்சர் சொன்ன மாதிரி இந்த மீனுக்கு வெள்ளம் தான் அழைப்பு. ஆனி ஆடியில மைசூர்ப் பக்கத்து மழைத்தண்ணி கலங்கி வந்து கடல்ல விழணும். மேல ஒரு பெரிய அணை அந்தத் தண்ணியை நிறுத்தி பிறகு வாய்க்கால் வாய்க்காலா பிரிச்சு விட்டா கடலுக்கு எதுவும் போகாது, கழிமுகத்துல நிக்கிற மீனுக்கு ஆறு இருக்கிறதே தெரியாது. அதனால மேட்டூர் நூறு மைலுக்கு மேல இருந்தாலும் அடி விழுறது கடல் வாசல்ல.

சிந்து ஆத்துலயும் இதே தான். அங்க பல்லான்னு சொல்வாங்க, ஒரு காலத்துல முல்தான் பக்கம் வரைக்கும் போனது. 1932ல சுக்கூர் தடுப்பணை, 1955ல கோட்ரி தடுப்பணை, அதோட முடிஞ்சது, இப்ப கோட்ரிக்கு கீழ கொஞ்ச தூரம் தான், அதுவும் தண்ணி விடுற வருஷத்துல. கங்கையில கேட்டா இன்னும் வயிறு எரியும், அலகாபாத், ஆக்ரா, டெல்லி வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல ஏறின மீன். 1975ல பராக்கா தடுப்பணை திறந்தாங்க, சில வருஷத்துல அலகாபாத்ல இலிஷ் கிட்டத்தட்ட இல்லாம போச்சு. மீன் போறதுக்குன்னு தனி வழி வச்சு தான் பராக்காவைக் கட்டினாங்க. அது உதவல.

நுவரெலியா ஸ்டீபன்:
அந்த வழி ஏன் உதவலன்னு நான் சொல்லட்டுமா, ட்ரவுட் பிடிக்கிறவன் நான், இந்த விஷயத்துல ஆர்வம் ஜாஸ்தி. சால்மனும், பிரிட்டிஷ்காரங்க 1880கள்ல இங்க கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டும் தண்ணிக்கு மேல எகிறி படி தாண்டும். ஷாட் வகை மீன்கள் (இலிஷும், டீச்சர் சொன்ன அந்த அமெரிக்க சொந்தக்காரனும் இந்தக் கூட்டம் தான்) அப்படி எகிறாது, கூட்டமா அகலமான ஓட்டத்துல போற பழக்கம், இடுக்கான இடத்தைக் கண்டா தயங்கி நின்னுடும், தொட்டா செதில் உதிரும், கொஞ்சம் அடிபட்டாலும் உயிர் விட்டுடும். சால்மனுக்குப் போட்ட பிளான் இதுக்கு சரிவராது.

அமெரிக்காவுல கனெக்டிகட் ஆத்துல ஹோலியோக்ங்கிற இடத்துல 1849ல அணை கட்டினாங்க, மேல ஷாட் ஏறுறது நின்னு போச்சு. நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு 1955ல மீனைத் தொட்டியில சேத்து லிஃப்ட்ல தூக்கி மேல விட ஆரம்பிச்சாங்க. அது வேலை செஞ்சது, 1992ல 7 லட்சத்துக்கு மேல ஷாட் அந்த லிஃப்ட்ல போயிருக்கு. ஆக அணை இருக்கிற இடத்துலயும் மீனுக்கு வழி பண்ணலாம், மீனோட சுபாவம் தெரிஞ்சு பண்ணணும். இதைவிட ஆச்சரியம், 1871ல சேத் கிரீன்ங்கிறவர் பால் கேன்ல ஏறக்குறைய பத்தாயிரம் ஷாட் குஞ்சை வச்சு கிழக்குக் கரையில இருந்து ரயில்ல கலிபோர்னியாவுக்கு கொண்டு போய் சாக்ரமெண்டோ ஆத்துல விட்டார். அது தானா கரையோரமா வடக்கே பரவி இன்னைக்கு கொலம்பியா ஆத்துல 2019ல போன்வில் அணையில மட்டும் எழுபது லட்சத்துக்கு மேல எண்ணியிருக்காங்க. சொந்த ஆத்துல குறைஞ்சு அந்நிய ஆத்துல பெருகின மீன்.

லிந்துல சிவா:
ஸ்டீபன் அண்ணே, ஷாட் மீனுக்கு வவ்வால் மாதிரி காது கேக்கும்னு எங்கயோ பார்த்தேன், உண்மையா?

நுவரெலியா ஸ்டீபன்:
உண்மை தம்பி. அமெரிக்க ஷாட்டை வச்சு 1997ல ஆராய்ச்சி வெளியாச்சு, 180 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்குதுன்னு. மனுஷனுக்கு 20 தான் எல்லை. டால்பின் இரை தேட அனுப்புற சத்தம் அந்த உயரத்துல இருக்கு, அதைக் கேட்டு கூட்டம் திரும்பி ஓடுறதுக்குத் தான் இந்தக் காதுன்னு நினைக்கிறாங்க. மின் நிலையத்துத் தண்ணி இழுக்கிற வாய்க்கு மீன் போகாம இருக்க இந்த மாதிரி சத்தத்தை வச்சு விரட்டவும் செய்றாங்க.

கொட்டகலை கண்ணன்:
எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கல, ரொம்ப நன்றி. ஆனா ஒரு விஷயம். எல்லா ஆத்துலயும் குறைஞ்சதுன்னா பங்களாதேஷ்ல மட்டும் எப்படி இவ்வளவு? கட்டார் வரைக்கும் ஐஸ்ல வருதே.

மலர் டீச்சர் (ஹட்டன்):
அதுதான் இந்த மீன் கதையில நல்ல பகுதி. உலகத்துல பிடிபடுற இலிஷ்ல பாதிக்கு மேல பங்களாதேஷ்ல தான், அவங்க தேசிய மீனும் இதுதான். 2000 வாக்கில அங்கயும் கவலைக்கிடமா தான் இருந்துச்சு, 2002-03ல சுமார் 2 லட்சம் டன். பிறகு சில காரியம் பண்ணினாங்க. 25 சென்டிமீட்டருக்கு கீழ உள்ள குஞ்சை அங்க ஜாட்கான்னு சொல்வாங்க, நவம்பர்ல இருந்து ஜூன் வரைக்கும் அதைப் பிடிக்க, விக்க, கொண்டுபோகத் தடை. அதோட அக்டோபர் பௌர்ணமி போயாவை ஒட்டி தாய் மீன் முட்டை விட வர்ற நேரம் முழு நாட்டுலயும் இலிஷ் வலை போடக்கூடாது, முதல்ல பத்து பதினொரு நாள்னு ஆரம்பிச்சு இப்ப 22 நாள். குஞ்சு வளர்ற ஆத்துப் பகுதிகளை சரணாலயமா அறிவிச்சாங்க. அங்க கரண்ட் வலைன்னு சொல்ற தங்கூசி வலை, சின்னக் கண்ணு, குஞ்சையும் விடாம அள்ளும், அதுவும் தடை. 2017-18ல 5 லட்சம் டன்னைத் தாண்டிருச்சு. உங்க போலா தம்பியோட அப்பா அக்டோபர்ல வீட்ல இருக்கிறது இதுக்காகத் தான்.

பொகவந்தலாவை புஷ்பா:
இந்த இழையை முதல்ல இருந்து வாசிச்சேன், எனக்கு ஒண்ணு கேக்கணும். வலை போடக்கூடாதுன்னா அந்த 22 நாளும் அந்த வீட்ல என்ன சாப்பிடுவாங்க? தேயிலைக் கொழுந்து இல்லாத மாசத்துல பேர் (நாள் கூலி) விழாம எங்க அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். அரைப்பேர் போட்டாலே கடைக்கணக்கு அடைக்க முடியாது. மீனைக் காப்பாத்த ஏழையை நிறுத்தி வைக்கிறது சுலபம், பெரிய ட்ரோலரை யார் நிறுத்துவா?

மலர் டீச்சர் (ஹட்டன்):
புஷ்பா, கேக்க வேண்டிய கேள்வி. அரசாங்கம் அரிசி குடுக்குது. ஜாட்கா தடையில பெப்ரவரியில இருந்து மே வரைக்கும் பதிவு செஞ்ச மீன்பிடி குடும்பத்துக்கு மாசம் 40 கிலோ, அக்டோபர் தடைக்கு தனியா. ஆனா அரிசி மட்டும் தான், காசு இல்ல. பதிவு இல்லாத குடும்பத்துக்கு அதுவும் இல்ல, வர்ற அரிசியும் சில இடத்துல பிந்தி வருது. படகு முதலாளிக்கிட்ட முன்பணம் வாங்கினவங்களுக்கு வட்டி நிக்காது. அதனால ராத்திரியில திருட்டுத்தனமா வலை போட்டு பிடிபடுறவங்களும் பெரும்பாலும் ஏழைங்க தான். அந்த 5 லட்சம் டன்னுக்கு உண்மையான விலை குடுத்தது அந்த வீடுகள்னு தான் நான் சொல்வேன்.

பதுளை பாபு:
புஷ்பா அக்கா சொன்னதை நான் முழுசா ஏத்துக்கிறேன். இருந்தும் ஒரு வித்தியாசத்தைப் பாருங்க. வலையை 22 நாள் நிறுத்தலாம், அந்த நாளுக்கு ஒழுங்கா கூலி குடுக்கலாம், குடுக்கலைன்னா சண்டை போட்டு வாங்கலாம். காவிரியிலயும் சிந்துவுலயும் அப்படி நிறுத்த எதுவும் மிச்சம் இல்ல, மீனவனும் போயாச்சு. மேக்னா வாய் இன்னும் திறந்து கிடக்கிறதால தான் பங்களாதேஷ்ல சட்டம் போட்டு பலன் எடுக்க முடிஞ்சது. பராக்காவுலயும் இப்ப முயற்சி நடக்குது, பராக்பூர்ல இருக்கிற மத்திய மீன் ஆய்வு நிலையத்து ஆளுங்க கீழ பிடிச்ச மீனை அணைக்கு மேல கொண்டுபோய் விடுறாங்க, சிலதுக்கு அடையாளம் கட்டி.

தலவாக்கலை ராஜா:
வெள்ளம் தான் அழைப்புன்னு நீங்க எழுதினதை ரெண்டு தடவை வாசிச்சேன் பாபு. அப்படின்னா அணையை இடிக்காமலே, சரியான மாசத்துல கொஞ்சம் தண்ணியை ஒரே மூச்சா விட்டா மீனுக்கு உதவுமே. அதுக்கு விவசாயியும் மின்சாரசபைக்காரரும் மீன் தெரிஞ்சவங்களும் ஒரே மேசையில உக்காரணும். நம்ம ஆத்துல உள்ளம் இல்லைன்னாலும் விலாங்கு இருக்கு. அது இதுக்கு நேர் எதிர், கடல்ல பொறந்து ஆத்துக்கு வந்து வளர்ந்து திரும்ப கடலுக்கு முட்டை விடப் போறது. எங்க அப்பா காலத்துல கொத்மலை ஓயாவுல கல்லுக்கு அடியில கை விட்டு பிடிப்பாங்களாம். குஞ்சு விலாங்கு ஈரப்பாறையில கூட ஏறும், ஆனா பெருசானது கீழ போகும்போது மின் நிலையத்து டர்பைன் வழியா போகணும். விக்டோரியா, ரந்தெனிகல, ரன்டம்பே எல்லாம் தாண்டணும்.

மட்டக்களப்பு மருமகன்:
நான் மஸ்கெலியா ஆளு, கல்யாணம் முடிச்சது மட்டக்களப்புல. ஷாட் வகை மீன் நம்ம நாட்டுலயும் இருக்கு, வாவியில பிடிக்கிற கொய் மீன் அந்தக் கூட்டம் தான். உடம்பு தட்டையா வெள்ளி மாதிரி, முள்ளு எக்கச்சக்கம், சேத்துல இருக்கிற பாசியைத் தின்னும், அதை அரைக்கிறதுக்கு வயிறு சதைப்பிடிப்பா தடிச்சு இருக்கும். இது இலிஷ் மாதிரி நூத்துக்கணக்கான மைல் ஆத்துல ஏறாது, கலப்புத்தண்ணியோட சரி. என் மாமியார் வீட்ல கொய் வாங்காத வாரம் இல்ல.

லிந்துல சிவா:
சரவாக்ல இதே மாதிரி ஒரு மீன் ஆணா இருந்து பொண்ணா மாறும்னு வாசிச்சேன், டீச்சர் அது இதே இனமா?

மலர் டீச்சர் (ஹட்டன்):
கூடப்பொறந்த இனம் சிவா, தெனுவலோசா டோலி, அங்க தெருபோக்னு சொல்வாங்க. குட்டியா இருக்கும்போது எல்லாம் ஆண், முதல் வருஷம் ஆணா இனம் பெருக்கிட்டு ரெண்டாவது வருஷத்துல பெண்ணா மாறிடும். அதனால பெரிய மீன் எல்லாமே சினையுள்ள பெண். அந்தச் சினைக்கு அங்க பெரிய விலை, ஜனங்க பெரிய மீனாத் தேடிப் பிடிச்சா பெண்ணை மட்டும் பிடிச்சதா ஆகுது. அங்க இந்த மீன் படுமோசமா குறைஞ்சதுக்கு இது ஒரு காரணம்.

பொகவந்தலாவை புஷ்பா:
டீச்சர், என் தம்பி டுபாய்ல இருந்து வரும்போது ஐஸ்ல வச்ச இலிஷ் ஒண்ணு கொண்டு வர்றேன்னு சொல்றான். அசல் தானான்னு எப்படி பாக்குறது? வீட்ல சின்னப்பிள்ளைங்க இருக்கு, முள்ளுக்கு என்ன பண்றது?

மலர் டீச்சர் (ஹட்டன்):
மேல் உதட்டை நேரா பாருங்க, நடுவுல ஒரு வெட்டு இருக்கும். வயித்து ஓரத்துல கையால தடவினா வாள் பல்லு மாதிரி கூரா செதில் வரிசை தட்டுப்படும். முப்பது நாப்பது சென்டிமீட்டர் நீளம் சாதாரணம். 25க்கு கீழ இருந்தா அது குஞ்சு, அடுத்த தடவை அந்தக் கடையில வாங்க வேணாம்னு தம்பிக்கிட்ட சொல்லுங்க.

மட்டக்களப்பு மருமகன்:
முள்ளுக்கு கொய் மீனுக்கு எங்க மாமி செய்றது தான் புஷ்பா தங்கச்சி. செதில் எடுத்துட்டு ரெண்டு பக்கமும் நல்ல கூரான கத்தியால ரொம்ப நெருக்கமா, நடுமுள்ளு வரைக்கும் கீறணும். சதைக்குள்ள இருக்கிற கவட்டு முள்ளெல்லாம் துண்டு துண்டா அறுபடும். பிறகு உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி தடவி ஊறவச்சு, மெதுவான நெருப்புல நிறைய நேரம் பொரிச்சா சின்ன முள்ளு மொறுமொறுன்னு ஆகிடும். பிள்ளைங்களுக்கு வால் பக்கத்துத் துண்டைக் குடுக்காதீங்க, அங்க தான் முள்ளு அதிகம், வயித்துப் பக்கத்துத் துண்டு குடுங்க. இலிஷ்ல எண்ணெய் கூட, அதனால சட்டியில தேங்காய் எண்ணெய் குறைச்சு ஊத்தினாலே போதும், மீனே எண்ணெய் விடும்.